பின்தங்கிய கரும்பொருள்

ஜூன் 3, செவ்வாய்
கொடைக்கானல் வீட்டுக்கு வந்து நான்கு நாள். விடாத மழை. அத்தா கடை திறக்கவில்லை.
நானும் சௌம்யாவும் மூன்று வருடமாகச் சேர்ந்து ஆராயும் இரண்டு கேலக்ஸிக் கொத்துகள், மோதி ஒன்றையொன்று ஊடுருவிப் போனவை. அவற்றிலுள்ள கரும்பொருளும் (டார்க் மேட்டர்) கேலக்ஸிகளோடு தடையில்லாமல் போயிருக்க வேண்டும். எங்கள் வரைபடத்தில் அது பின்தங்கி நிற்கிறது. தன்னோடு தானே உரசிக்கொள்கிறது என்று அர்த்தம். கட்டுரையை இதழ் ஏற்றுக்கொண்டது. பதினெட்டாம் தேதி சௌம்யாவுக்குப் பெங்களூரில் வேலைக்கான நேர்காணல். அவள் பேசப்போவதே இதைத்தான்.

ஜூன் 5, வியாழன்
கரும்பொருள் கண்ணுக்குத் தெரியாது. அதன் ஈர்ப்பு, கொத்துக்குப் பின்னால் தொலைவிலிருக்கும் கேலக்ஸிகளின் உருவத்தை லேசாக வளைத்துக் காட்டும். அதை அளந்துதான் வரைபடம். பின்னாலிருப்பவற்றைப் பொறுக்கியெடுத்தது நான். இன்று அந்தப் பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். மேற்குப் பாதியில், கொத்துக்குள்ளேயே இருக்கிற கேலக்ஸிகள் நூற்றுக்கணக்கில் கலந்து கெடக்கு. அவற்றின் உருவம் வளையாது, சேர்த்தால் வரைபடமே தப்பாகிவிடும். என் கைவேலை. எப்படிப் பாக்காம விட்டேன்?

ஜூன் 6
அவற்றை நீக்கி மூன்று முறை கணக்கிட்டேன். பின்தங்கல் இல்லை.

ஜூன் 7, சனி
பக்ரீத். அத்தா தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் இதழாசிரியருக்கு எழுதினேன் — கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று. பெறுகிறோமாம். சௌம்யாவிடம் கேட்கவில்லை. நேர்காணல் முடியட்டும் என்பாள், நானும் சரி என்றுவிடுவேன் என்று பயம்.

ஜூன் 9, திங்கள்
வெள்ளனே பஸ் பிடித்துப் பழனிக்குப் போனேன். அடிவாரத்தில் அவள் வீட்டு மாடி. நடந்ததையெல்லாம் சௌம்யாவிடம் சொன்னேன். காபி கொண்டுவந்த அவள் அம்மா, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளர்களை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.
"தப்புன்னா எடுக்கத்தான் வேணும். நானே எடுக்கச் சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல, ஜஹீரா? மறைக்கச் சொல்லுவேன்னு நெனச்சுட்ட."
அப்படித்தானே நெனச்சேன்.

ஜூன் 20
நேர்காணலில் பிழையைச் சௌம்யாவே முதலில் சொன்னாளாம். வேலை கிடைக்கவில்லை. எங்கள் ஆய்வு வழிகாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜூலை 11
நான் கூப்பிட்டால் சௌம்யா போனை எடுப்பதில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்
திருத்திய கட்டுரை தயார். கரும்பொருள் கேலக்ஸிகளோடேயே இருக்கிறது. மற்றவர்கள் ஏற்கெனவே கண்டதுதான், புதிதாக ஒன்றுமில்லை.
தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி வழிகாட்டிக்குச் சௌம்யா ஒரு வரி எழுதியிருந்தாள். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாளாம். நன்றி சொல்லும் இடத்திலாவது பெயரைப் போடட்டுமா என்று அவளைக் கேட்டு எழுதினேன். பதிலுக்கு ஒன்பது நாள் பார்த்தேன்.
அவள் பெயர் எங்கும் இல்லாமல் இன்று மதியம் கட்டுரையை இதழுக்கு அனுப்பிவிட்டேன்.