நூற்றிருபதுக்கு எண்பது

அல்சூர், பெங்களூர்
17 பிப்ரவரி 2002, ஞாயிறு

மஸ்கட்டில் இருக்கும் என் அன்புக்குரியவருக்கு,

உங்கள் யசோதா எழுதிக்கொள்வது. நானும் சஹானாவும் அத்தையும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க. அதனால் மெஸ்ஸில் நாலு பேர் நடுவே வைத்துப் படிக்காமல், ரூமுக்குப் போய் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் உங்கள் கடிதம் வந்தது. அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "பிரஷர் 120/80, நார்மல், கவலை வேண்டாம்" என்ற இடம் வந்ததும் அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். மாமா வேலைக்குப் போன இடத்தில் பிரஷர் ஏறி விழுந்து கை கால் வராமல் போன வயதை இந்த வருஷம் நீங்கள் தொடுகிறீர்கள். அந்த நினைப்பு அத்தைக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டேயிருக்கிறது. எனக்கும்தான். அன்றைக்கு நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். வியாழக்கிழமை வரை இருந்தேன்.

சஹானாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. போனில் உங்களிடம் பேசும்போது பேச்சு வேறு மாதிரி கேட்டால் பயப்படாதீர்கள். கன்னட மிஸ் நன்றாகப் பாராட்டி எழுதி அனுப்பியிருக்கிறார். கணக்கு மட்டும் உங்களைப் போல இல்லை, என்னைப் போல.

எங்கள் பார்மசி காலேஜில் இந்தத் தடவை எனக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நாடி, மூச்சு, ஜுரம், பிரஷர் நான்கையும் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். மருந்து எடுத்துக் கொடுக்கிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று எங்கள் டிபார்ட்மெண்டிலேயே ஒருவர் கேட்டார். கொடுத்த மருந்து வேலை செய்கிறதா என்று பின்னே ஜோசியம் பார்த்தா கண்டுபிடிப்பது என்று கேட்டுவிட்டேன். என் வாய் உங்களுக்குத் தெரியாததா.

பார்க்க எளிதாகத் தெரிகிற வேலை, ஆனால் பெண்டு கழன்றுவிடுகிறது. வந்தவரை முதலில் சும்மா உட்கார வைக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பட வேண்டும், பேச்சுக் கொடுக்கக் கூடாது. மூச்சை எண்ணப் போகிறோம் என்று சொல்லவே கூடாது, சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். நீங்கள் லீவில் வந்து தூங்கும்போதெல்லாம் நான் உங்களுக்கு அப்படி எண்ணியிருக்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், எவ்வளவு ஆசை என்று நினைத்திருப்பீர்கள். அதுவும் உண்மைதான்.

வியாழக்கிழமை ஐந்து பிள்ளைகளை விவேக் நகருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு சின்ன கிளினிக்கில் எங்களுக்கு ஒரு மூலை கொடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை என்றால் குழந்தை இயேசு கோயிலில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கிற சின்னப்பா என்பவர்தான் முதலில் வந்து உட்கார்ந்தார்.

என் பிள்ளைகளில் மமதா என்று ஒரு பெண், தும்கூர்க்காரி. தங்கமான பிள்ளை. தமிழ் பேச வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. அவள் பிரஷர் கருவியின் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்ததும், கை இறுகுகிறதே என்று சின்னப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டார். உடனே இவள் ரொம்பப் பிரியமாக, "பயப்பட வேணா தாத்தா, உசிரை விடுங்க, மெதுவா உசிரை விடுங்க" என்றாள்.

கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு. பாவம், அதைத்தான் சொன்னாள். சின்னப்பா பட்டையோடு எழுந்தே விட்டார். "கோயிலுக்குப் போயிட்டு வர்றவன உசிர விடச் சொல்றியேம்மா! ஒரு தலைவலி மாத்திர கேக்கத்தானே வந்தேன்!" என்று ஒரு சத்தம். டாக்டர், கம்பவுண்டர், வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அர்த்தம் சொன்னதும் மமதா அழுதே விட்டாள். கடைசியில் சின்னப்பாதான் அவளைச் சமாதானப்படுத்தி, சரி, எல்லாரும் பாருங்கள் என்று கையை நீட்டினார். ஐவரும் பார்த்தார்கள், எழுதிக் கொடுத்தார்கள்.

ஐந்து பேரும் 120/80.

இப்போதுதான் அந்த மனுஷன் எழுந்து நின்று கத்தி, சிரித்து, இருமி முடித்திருக்கிறார். அவருக்கு 120/80 என்றால் அந்தக் கருவிக்கே வெட்கம் வரும். எல்லோரையும் வாயை மூடச் சொல்லி, அவரைச் சும்மா உட்கார வைத்து, கொஞ்சம் பொறுத்து நானே பார்த்தேன். 164/98. இன்னொரு தடவை பார்த்தேன், பெரிதாக இறங்கவில்லை. அவருடைய தலைவலி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் அன்றைக்கே சிகிச்சையைத் தொடங்கிவிட்டார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டேன். கிரண் என்கிறவன்தான் பதில் சொன்னான். "சத்தம் சரியா கேக்கல மேம். வேற நம்பர் எழுதினா ஏன், எப்படின்னு கேப்பீங்க. நார்மல்னு எழுதினா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அவனை நன்றாக நாலு கேட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மேம், தண்ணி வேணுமா என்று அவனே ஓடி வந்தான்.

தீபாவளிக்கு எழுதினீர்கள், 120/80. பொங்கலுக்கு எழுதினீர்கள், 120/80. வெயிலிலும் 120/80, டபுள் ஷிப்ட் பார்த்த வாரத்திலும் 120/80. ஒரு தடவைகூட ஒரு 124 வரவில்லை, ஒரு 116 வரவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்லிக்கொடுக்கிற நான், அதை அப்படியே உரக்கப் படித்து அத்தையைக் கும்பிட வைத்திருக்கிறேன்.

பீன்யா பாக்டரியில் நீங்கள் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தபோது, மைக்ரோமீட்டரைத் தொடாமலே டிராயிங்கில் இருக்கும் அளவை ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்த ஒரு ஆபரேட்டரைப் பிடித்தீர்களே, நினைவிருக்கிறதா? "எல்லாப் பீஸும் ஒரே அளவுல வந்துச்சுன்னா நீ அளக்கவே இல்லன்னுதான்டா அர்த்தம்" என்று கத்திவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். சாப்பிடாமல் அதையே பேசிக்கொண்டிருந்தீர்கள். அந்த மனுஷர் எங்கே போனார்?

எனக்குத் தெரியும், மார்ச்சில் உங்களுக்குக் கம்பெனி மெடிக்கல். உங்கள் ரூமில் இருந்த ஆனேக்கல் ரங்காவைப் பிரஷர் என்று சொல்லித் திருப்பி அனுப்பியதையும் நீங்களேதான் எழுதினீர்கள். அங்கே கிளினிக்குக்குப் போனால் ஃபைலில் ஏறிவிடும் என்று போகாமலே இருக்கிறீர்கள். நான் இங்கிருந்து கொடுத்தனுப்பிய பிரஷர் மாத்திரையும் தீர்ந்துபோய் எத்தனை நாளாகிறதோ. கோபம் கோபமாக வந்தது எனக்கு. பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

அத்தையிடம் இதெல்லாம் சொல்லவில்லை. உங்கள் பதில் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். என்ன நம்பர் வருகிறதோ அதை எழுதுங்கள். 170 என்றால் 170, 180 என்றால் 180. நான் மருந்து படித்தவள், அந்த நம்பரோடு என்னால் மல்லுக்கட்ட முடியும். நீங்கள் எழுதுகிற 120/80-ஐ வைத்துக்கொண்டு என்னால் ஒன்றுமே செய்ய முடியாது.

மெடிக்கலில் தேறாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்றுதானே பயப்படுகிறீர்கள்? அனுப்பட்டுமே. எங்கே அனுப்பிவிடப் போகிறார்கள், என்னிடம்தானே?

என்றும் உங்கள்,
யசோதா