ஐஸ் பெட்டியில் அம்மாவின் இன்சுலின்

செவ்வாய், இரவு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: பள்ளிக்கூடப் புயல் முகாமில் உப்புமா தீர்ந்தது. கடைசிக் கரண்டியை வென்றவன் நான். படிக்கப் போட்ட பெஞ்சில் படுக்கவும் இடம் பிடித்துவிட்டேன்.

மதியம் முகாமுக்கு ஏற்றிப்போக வேன் வந்தபோது அப்பா படகைக் கட்டப் போயிருந்தார். அம்மாவின் இன்சுலினை நான்தான் எடுத்துவைத்தேன். மீன் பெட்டியில் ஐஸை உடைத்துக் கொட்டி, குப்பியை நடுவில் புதைத்து, மேலேயும் ஐஸ் போட்டேன். வேன் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்: "வஞ்சிரமே ரெண்டு நாளு தாங்குது, இன்சுலின் தாங்காதா?"

சாயங்காலம் முகாம் நர்ஸ் அக்கா குப்பியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கட்டியாக இருந்தது.

"உறைஞ்சா மருந்து வீணாப் பூடும்மா. கரைஞ்சாலும் போடக் கூடாது. யாரு இத்த ஐஸ்ல வெச்சது?"

"நான்தாம்மா," என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

வேறு மருந்து செங்கல்பட்டிலிருந்து வரவேண்டும். ரோட்டில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன. காற்று அடங்கினால்தான் வண்டி வருமாம்.

அம்மா தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

"இன்னாடா மூஞ்ச தூக்கி வெச்சினுகீற? எதுனா ஜோக்கு சொல்லு," என்றாள். இன்னொரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

வென்ற உப்புமா தட்டிலேயே ஆறிக் கிடக்கிறது. நர்ஸ் அக்கா இந்தப் பக்கம் வந்தால், ஐஸ் போட்டது நான்தான் என்று சொல்லிவிட நினைத்தேன். வந்தார். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.