சிரிப்பைச் சேர்த்துக் கொடுத்தேன்

2003 ஏப்ரல், செவ்வாய்

ஜோகுபாளையத்தில் மறுபடியும் கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். மனசு ஆறவில்லை.

இன்று ஆபீசில் எனக்கு வந்தது ஒரு வெளிநாட்டுப் பார்லிமென்ட் ஆடியோ. பூமி சூடாவதைப் பற்றிய விவாதம். காதில் விழுவதை அப்படியே டைப் செய்வதுதான் என் வேலை. ஒரு உறுப்பினர் எழுந்து, "இந்தியாவில் ஊருக்கு ஊர் நிலக்கரியை எரிக்கிறார்கள். நாம் மட்டும் விளக்கை அணைக்க வேண்டுமா?" என்றார். சபையே சிரித்தது. பேச்சை அடித்தேன். சிரிப்பை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

சாயங்காலம், சரிபார்க்கும் மஞ்சுளா மேடம் கூப்பிட்டார். "ஏம்மா, சிரிச்சா அடைப்புக்குறிக்குள்ள சிரிப்புன்னு போடணும்னு தெரியாதா? இது மிஸ்டேக்."

திருப்பிக் கேட்க வாய் துடித்தது. யாரைக் கேட்பது? சிரித்தவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போயாச்சு. சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அம்மா வேர்த்து வழிய, காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். இந்தக் குளிர்ந்த ஊருக்கு ஃபேன் எதுக்கு என்று ஒரு காலத்தில் கேட்டவள்.

"இன்னிக்கு என்ன டைப் பண்ணே?"

பூமி சூடாவதைப் பற்றி வெளிநாட்டுச் சபையில் பேசினார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"அவ்வளவு பெரிய சபையில நம்மளப் பத்தி ஏதாச்சும் பேசினாங்களா?"

"அந்த இடத்துல ஆடியோ சரியாக் கேக்கலம்மா."