பிறழ்சாட்சி ஜூனிபர்

ஹாலோ கிரீக், மொன்டானா
மே 9

அன்புள்ள வில்லாவுக்கு,

இங்கே நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். நான்கு வருடமாக அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். காலையிலிருந்து மூன்று முறை எழுதிக் கிழித்தாயிற்று. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

உனக்குப் பிடிக்கக்கூடிய செய்தி ஒன்று. மலைப்பாதையைச் சைக்கிள்களுக்கும் திறந்துவிடப் பார்க்கிறார்கள். நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் மட்டும் என்று நானும் லைல் பிராண்ட்வோல்டும் கல் பெயர்த்து வெட்டிய பாதை. பலகையில் இருப்பதோ அவன் அப்பா பெயர். என் பெயர் எங்கே என்று இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது அவன் பாதைக் குழுவின் தலைவர், சைக்கிள்காரர்களுக்குப் பரிந்து பேசுகிறான். காற்றடிக்கும் பக்கம் சாயாமல் அவன் என்றைக்கு நின்றான்? குழுவில் ஐந்து பேர். இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஓட்டு என்னுடையது.

வளைவில் சைக்கிள் எதிர்ப்பட்டுக் குதிரை மிரண்டால் ஆள் பள்ளத்தில்தான் என்றேன். நேரிலேயே பார்த்துவிடுவோம் என்றான் லைல். விடுவேனா? நம் ஜூனிபரையே கொண்டுபோனேன். காகிதப் பை பறந்தாலே பின்னங்காலில் நிற்கும் குதிரை. அதைவிட நல்ல சாட்சி எனக்கு எங்கே கிடைக்கும்?

சனிக்கிழமை, இரண்டாவது வளைவு. மேலிருந்து ஒரு பெண் சைக்கிளில் இறங்கினாள். சக்கரத்தின் டிக்டிக் சத்தம் கேட்டதுமே ஜூனிபர் காதை நிமிர்த்தியது. கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தேன். அது மிரளவில்லை. நேராக நடந்துபோய், அந்தப் பெண்ணின் சட்டை இடப்பக்கப் பையில் மூக்கை நுழைத்துத் தேடியது. பை காலி. வலப்பக்கம் அது திரும்பக்கூட இல்லை.

எல்லாரும் சிரித்தார்கள். "ஓரின், உன் சாட்சி பிறழ்ந்துடுச்சேப்பா. யாரு விலைக்கு வாங்குனது?" என்றான் லைல்.

எனக்கு வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. நீ வீட்டைவிட்டுப் போன அந்த வருடம் விடிகாலைகளில் ஜூனிபர் கீழ்வேலி மூலையில் மலையைப் பார்த்தபடி நிற்கும். மான் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு பாதையில் டயர் தடம் பார்த்துவிட்டு, எவன் என்று பிடித்து அபராதம் போட வேண்டுமெனக் குழுவில் கத்திவிட்டு வந்தேன். "நான்தாம்ப்பா" என்றாய். பாதையை ஏன் கெடுத்தாய் என்று மட்டும் கேட்டேன். இறங்கி எங்கே வந்தாய் என்று கேட்கவில்லை. மறுநாளே உன் சைக்கிளைப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். அந்த வாரமே நீ பஸ் ஏறினாய்.

சனிக்கிழமையிலிருந்து ஜூனிபர் மறுபடியும் அந்த மூலையை விட்டு நகர மாட்டேன் என்கிறது. கேரட், ஆப்பிள், சர்க்கரைக் கட்டி எல்லாம் நீட்டிப் பார்த்தேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இடப்பக்கப் பையில் நீ என்னதான் வைத்திருந்தாய்? எழுது. எழுத்தில் அடங்காத பண்டமென்றால் நேரில் கொண்டுவா.

ஓட்டெடுப்பு வியாழக்கிழமை. அதன்பின் நீ மலைப்பாதை வழியாகச் சைக்கிளிலேயே இறங்கி வரலாம், தடம் பதிந்தாலும் கேட்பாரில்லை. இது லைலுக்காக இல்லை. அதை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நல்லபடியாக இரு. இரண்டாவது வளைவில் கல் சரிந்து கிடக்கிறது. வேகத்தைக் குறைத்துக்கொள்.

உன் அப்பா,
ஓரின்