மோர் வாங்கப் போனவள்

மச்சான்,

கோட்டையில் ஆட்சி மாறி, ரூபாய்க்குப் படியரிசி என்பதே ஊர்ப்பேச்சாக இருந்த சமயம். நம் தெற்குவெளியில் முதன்முதலாக ஐ.ஆர். எட்டு நெல் நட்டதும், அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டு நாம் அரிவாளைக் கீழே வைத்ததும் அப்போதுதான். எனக்கு எழுத்தும் தெரியாது, தேதியும் தெரியாது. நீங்கள் செத்துப்போன வருஷத்தை இப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள்.

போன மாசம் அடுத்த வீட்டில் கீழாநெல்லி அரைத்தார்கள். அந்தப் பச்சை வாசம் வந்ததும், கண்ணெல்லாம் மஞ்சளாகி நீங்கள் சுவரோரம் குனிந்து உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. நிமிர்ந்தால் வலி, குனிந்தால் கொஞ்சம் தேவலை என்பீர்கள். "வயித்துல குத்தி முதுகுல வெளிய வருதுடா." சோறு கசந்தது. உடம்பெல்லாம் அரிப்பு. அடுத்த வீட்டுக் கோவிந்தனுக்கும் அதே குனிந்த உட்காரல். தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்துப் பார்த்ததில், கணையத்தில் புற்று என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு நம் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். டாக்டரம்மா, சின்ன வயசு. இந்த நோய் நாடு முழுக்கக் கொஞ்சங் கொஞ்சமாகக் கூடி வருகிறது என்று மைக்கில் சொன்னது. கூடுகிறது, குறைகிறது என்று மைக்கில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. விளைச்சல் கூடிற்று என்று எத்தனை மைக்கில் கேட்டிருக்கிறோம்! எழுந்து நின்றேன்.

"கூடுதுன்னு எப்படிம்மா தெரியும்? முன்னாடி இருந்தத எவன் எண்ணுனான்?"

கூட்டத்தில் ஒருவன், "தாத்தா, ஒக்காருங்க, ஊசி போட்டுருவாங்க" என்றான். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"சரியாத்தான் கேக்கறீங்க தாத்தா. முன்னாடி வயித்துக்குள்ள பாக்கற மிஷின் இல்ல. காமாலைன்னு செத்தவங்கள்ல எத்தனை பேருக்கு இது இருந்துச்சோ, யாருக்கும் தெரியாது. இப்ப பாக்கறோம், அதனாலயும் கூடுன மாதிரி தெரியுது. அது மட்டும் இல்ல. இப்ப ஆயுசு கூடிப்போச்சு, வயசானாத்தான் இது அதிகம் வரும். பீடி, சுருட்டு, சர்க்கரை வியாதின்னு வேற காரணமும் இருக்கு. நெசமாவும் கூடுது."

"எவ்வளவு நெசம், எவ்வளவு மிஷினு?"

"அதப் பிரிச்சுச் சொல்றது கஷ்டந்தான் தாத்தா."

தெரியாது என்று சொன்னதால் என் சந்தேகத்தில் கால்வாசி குறைந்தது. முகாம் கலைந்த பிறகு, உங்கள் உடம்பு கெட்ட கதையைச் சொன்னேன்.

உங்களுக்குத் தெரிந்ததும் இருக்கிறது, தெரியாததும் இருக்கிறது, மச்சான். வேலைநிறுத்தத்தில் ஊர்க்கட்டு போட்டது நீங்கள். பண்ணை வீட்டுப் பக்கம் ஒருத்தரும் போகக்கூடாது. "அவன் தண்ணி குடுத்தாக்கூட மோந்து பாத்துக் குடிங்கடா" என்று வாய்க்கால் மதகில் நின்று சொன்னீர்கள். அப்போதே உங்களுக்குக் கண் மஞ்சள். கீழாநெல்லி நம் வரப்பில் கிடைத்தது. அதைக் கலக்கப் பசுமோர் வேண்டும். தெருவில் யாரிடம் பசு இருந்தது? பசுவெல்லாம் பண்ணைக் கொட்டிலில். உங்களைக் கட்டிய என் அக்கா அந்தக் கட்டை மீறி, கொல்லை வழியாகப் போய், ஒரு செம்பு மோர் வாங்கி வந்தாள்.

அதற்குப் பிறகு நீங்கள் இன்னும் மோசமானீர்கள். பண்ணைக்காரன் அவளை விலைக்கு வாங்கிவிட்டான், அவள் மோரில் மருந்து வைத்துவிட்டாள் என்று தெரு பேசியது. உங்களைவிடப் பதினைந்து வயசு இளையவள், ஏன் செய்யமாட்டாள் என்றார்கள். உங்கள் அம்மா, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து இடுமருந்து எடுக்கிறவரை வரவழைத்தார். உங்களுக்கு எதையோ குடிக்கக் கொடுத்து, வாந்தி எடுக்க வைத்து, அவர் கருப்பாக ஓர் உருண்டையை வாழையிலையில் வைத்துக் காட்டினார். "பாத்துக்குங்க, மோருல வச்சது." நான் தொட்டுப் பார்த்தேன். வயிற்றிலிருந்து வந்தது எப்படி இப்படி உலர்ந்திருக்கிறது என்று கேட்டேன். "பொண்டாட்டிக்குத் தம்பி, வேற எப்படிப் பேசுவான்?" என்று என்னை வெளியே தள்ளினார்கள். நீங்கள் அப்போது மயக்கத்தில்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு டாக்டரம்மா, "ஆளைப் பாக்காம உறுதியாச் சொல்லக்கூடாது. ஆனா நீங்க சொன்னதெல்லாம் அந்த நோய்க்குப் பொருந்துது" என்றது.

"மோருல எதையாவது கலந்தா இப்படி வருமாம்மா?"

"மஞ்சள் வந்ததனாலதான மோர் வாங்கப் போனாங்க, தாத்தா?"

அவ்வளவுதான், மச்சான். மஞ்சள் முதலில், மோர் பிறகு. தெரு முழுக்கப் பார்த்த வரிசை அது. பண்ணைக்காரன் மேல் நமக்கு இருந்த சந்தேகம் அந்த வரிசையைத் தின்றுவிட்டது. அவனை நான் இன்றைக்கும் நம்பமாட்டேன். கூலி கேட்டவர்களை அவன் என்ன செய்தான் என்று பார்த்தவன் நான். ஆனால் இந்தச் சாவு அவனுடையது இல்லை, அக்காவுடையதும் இல்லை.

உங்கள் உடலுக்குப் பக்கத்தில் அவளை உட்காரவிடவில்லை. அவள் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. கோடியக்கரைப் பக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போனவள்தான், திரும்பவே இல்லை. அங்கேதான் போன வாரம் பஸ் ஏறிப் போனேன். உப்பில் காய்த்துப்போன பாதத்தை நீட்டி உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன்.

"மோருல ஒண்ணும் இல்லன்னு எனக்கே சொல்ல இம்மாந்தூரம் வந்தியாக்கும்?" என்றாள். "சொன்னவங்ககிட்டப் போய்ச் சொல்லேண்டா."

"எல்லாரும் போயிட்டாங்கக்கா."

நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "ஊரு கெடக்கட்டும். கடைசியில நான் தண்ணி குடுக்க வந்தப்ப அவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரே, வலியிலயா, இல்ல அவரும் நம்பிட்டாரா?"

பக்கத்தில் நின்றவன் நான். அந்த முகத்தை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. வலிதான் என்று சொல்லியிருக்கலாம். அவள் என்னை நம்பியிருக்க மாட்டாள். இனி அவள் கேள்வியை நானும் சேர்ந்து சுமக்க வேண்டும்.

பண்ணைக்காரன் போனான். மருந்து எடுத்தவர் போனார். உங்கள் அம்மா போனார். மதகில் கூடி நின்றவர்களில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. கோவிந்தனும் முந்தாநாள் போய்விட்டான். பதில் தெரிந்த நீங்கள் எப்போதோ போய்விட்டீர்கள். உங்களிடம் கேட்பதற்கென்றே இன்னும் உயிரோடு இருக்கிறவள் ஒருத்திதான், மச்சான்: என் அக்கா, உங்கள் தனபாக்கியம்.