பேசிக்கொண்டே ஓடும் வேகம்

மாமா,

இன்று காலை நீச்சல் பையைத் திறந்ததும் குளோரின் வாடை முகத்தில் அடித்தது. ஈரத் துண்டை உள்ளேயே மறந்து வைத்திருக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடியில் போட்டிருப்பீர்கள். மாமனாரும் மருமகளுமாக நாம் பழகியது அப்படித்தான். நீங்கள் துண்டைக் காயப்போடுவீர்கள், நான் காபி வைப்பேன்.

மாமியார் போன பிறகு தங்கவயலை விட்டு நகரத்தில், நீலசந்திரா பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். எங்கள் கல்யாணத்துக்கு வராதவர். நான் வேறு சாதி என்பதை நீங்களும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டம் ஒன்றுதான். அதையும் தனித்தனியாகத்தான் ஓடினோம். சுரங்கத்தில் உழைத்த உடம்பு உங்களுடையது. தினமும் யாரோ துரத்துவதைப் போல ஓடிவிட்டு, படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவீர்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி கண்டது. வலி ஆறும்வரை ஓட்டத்தை நிறுத்தச் சொன்ன டாக்டர், "அதுவரைக்கும் நீந்துங்க. காலுக்குப் பாரம் இருக்காது, மூச்சுப் பழக்கமும் விட்டுப்போகாது" என்றார்.

"மருமவ முன்னாடி ஜட்டியோட நிக்கறதா?" என்று உங்கள் மகனிடம் எரிந்து விழுந்தீர்கள். ஆனால் ஓடாமல் எத்தனை நாள் வீட்டில் அடைந்து கிடக்க முடியும்? ஒரு காலை நான் வழக்கம்போல் நீச்சல் குளத்துக்குக் கிளம்பும்போது, பழைய அரைக்கால்சட்டையோடு வாசலில் தயாராக நின்றீர்கள்.

ஓடுகிறவர்களின் கணுக்கால் தண்ணீரில் வளையாது. நீங்கள் உதைத்த உதையில் தண்ணீர் தெறித்ததே தவிர உடம்பு நகரவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு பாதிக் குளம் போய், ஓரத்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கினீர்கள்.

"மூச்ச தண்ணிக்குள்ளயே விட்டுடுங்க மாமா. விட்டாத்தான் அடுத்தது உள்ள வரும்."

அதுவரை உங்களிடம் நேராக நான் அவ்வளவு பேசியதில்லை.

பிறகு ஒரு நாள் கரையில் உட்கார்ந்து என் கைக்கடிகாரத்தைக் காட்டிக் கேட்டீர்கள்: "இது இன்னாம்மா, கலர் கலரா?"

நாடித்துடிப்பை வைத்து உழைப்பின் அளவை அது ஐந்து மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு நிறமாகக் காட்டுகிறது என்றேன். "பேசிக்கிட்டே ஓட முடிஞ்சா ரெண்டு. வார்த்தை விட்டு விட்டு வந்தா மூணு. தலைய மட்டும் ஆட்டுனா நாலு. நீங்க தெனமும் நாலுலயே ஓடுறீங்க. முக்கால்வாசி நாள் ரெண்டுல ஓடணும்."

"மெதுவா போறதுக்கு இன்னாத்துக்கு ஓடணும்? பஸ்ல போலாமே."

தண்ணீரில் நாடித்துடிப்பு தரையில் காட்டுவதைவிடக் குறைவாகவே காட்டும், அங்கே நிறத்தை நம்பாமல் மூச்சைத்தான் கவனிக்க வேண்டும் என்று சொன்னபோது மட்டும் உங்களுக்குத் திருப்தி. "அப்ப வாட்ச்சே வேணாம்னு சொல்லு."

கால் ஆறியதும் முதல்முறையாகச் சேர்ந்து ஓடினோம், ஏரியைச் சுற்றி. வேகம் கூடிவிடக் கூடாதே என்று, "எதையாவது பேசிக்கிட்டே வாங்க மாமா" என்பேன். சொத்தைக் கத்திரிக்காய், எதிர்வீட்டு நாய் என்று ஆரம்பித்தீர்கள். வாரங்கள் போகப்போக, சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டு, மாமியார் சமைத்த கருவாட்டுக் குழம்பு என்று பேச்சு நீண்டது. ஒரு காலை, நான் கேட்காமலே சொன்னீர்கள்:

"உங்க கல்யாணத்துக்கு நான் வந்தேம்மா."

நான் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பாதையைப் பார்த்தபடியே ஓடிக்கொண்டிருந்தீர்கள்.

"ரிஜிஸ்தர் ஆபீஸ் இருக்குதே, அந்த ரோட்டுல நின்னுனு இருந்தேன். மாலையோட வெளிய வந்தீங்க. பாத்தேன். கிட்ட வர்றதுக்குக் கால் வர்ல."

அன்று நாம் ஓடியது பேசக்கூடிய வேகம்தான். எனக்குத்தான் பேச்சு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். நீங்கள் என்னை ஒரு முறை பார்த்தீர்கள்.

"நாலாவதுல கீறியாம்மா? மெதுவாவே போலாம்."

அதற்கடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலென்று படுத்தவர் எழவேயில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாள், நீங்கள் சொன்னதை உங்கள் மகனிடம் சொன்னேன்.  அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எந்தப் பக்கம் நின்னாராம்?"

நீங்கள் சொல்லவில்லை, மாமா. நானும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் வண்டி அந்த ரிஜிஸ்தர் ஆபீஸ் ரோட்டுக்குள் திரும்பினால், அவர் ஒரு பக்கம் பார்க்கிறார், நான் மறுபக்கம் பார்க்கிறேன்.