முதல் சுற்றில் சிசிலி

2024 மே 4, சனி

நாளை ஆளெடுப்பு. கோடை உதைபந்தாட்டத்துக்கு அணித்தலைவர்கள் முறைவைத்து ஆட்களை எடுப்போம். இந்தமுறை முதல் வாய்ப்பு எனக்கு. தம்பி றொக்சனைத்தான் எடுப்பேன் என்று ஊருக்கே தெரியும். சொந்தத் தம்பி, நன்றாகக் கோலடிப்பவன்.

பயிற்சி பார்க்க மெட்ரோ ஏறி லவாலுக்குப் போனேன். சிசிலி என்றொரு பெண் கோல் காத்துக்கொண்டிருந்தாள். லொங்குய்யில் ஒரு கார்டறியில், அதுதான் பகல் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்க்கிற வேலையாம். றொக்சன் பலங்கொண்ட மட்டும் உதைத்த பந்தை, அடுப்பிலிருந்து சட்டியை இறக்குவதுபோல, பதறாமல் எடுத்துக் கீழே வைத்தாள். நான் வாய் பிளந்து நின்றேன். என்ன பிறவி இவள்?

மே 5, ஞாயிறு

எடுத்துவிட்டேன். சிசிலியை. முதல் ஆளாக.

மண்டபமே சிரித்தது. அணிக்கு ஒரு பெண்ணாவது வேண்டும் என்பது விதி. கடைசிச் சுற்றில் யாரோ ஒருத்தியை எடுத்து ஓரமாக நிறுத்திவிடுவதுதான் இங்கே வழக்கம். அடுத்த வாய்ப்பு நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்கு. அவர் றொக்சனைக் கொத்திக்கொண்டு போனார். போகும்போது என் தோளில் தட்டி, "கடைசியிலையும் அவள் கிடைச்சிருப்பாள் தம்பி. ஏன் அவசரப்பட்டனீர்?" என்றார்.

உண்மைதானே? இரண்டு பேரையும் வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கைகளைக் கண்ட பிறகு, வேறு யாரும் காணவில்லை என்று எப்படி நம்பியிருப்பது?

மே 12

றொக்சன் போன் எடுக்கிறானில்லை.

ஜூன் 16

ஒன்றுக்குப் பூச்சியம், தோல்வி. அந்த ஒன்றும் எங்கள் ஆளே தவறி அடித்தது. சிசிலியைத் தாண்டி எதிரணி ஒன்றும் போடவில்லை. ஆனால் எங்களுக்கு அடிக்க ஆளில்லையே. என்ன விசர் வேலை பாத்தனான்? சொந்தத் தம்பியை விட்டிட்டு — ஆர் இப்பிடிச் செய்வான்?

ஆகஸ்ட் 4

அரையிறுதி, றொக்சனின் அணியோடு. கோலில்லாமல் முடிந்து தண்ட உதைக்குப் போனது. கடைசி உதை அவனுக்கு.

அவன் எந்தப் பக்கம் அடிப்பான் என்று எனக்குத் தெரியும். சிசிலியிடம் சொல்ல வாய் வரவில்லை, அவன் என் தம்பி. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. அவன் கால் பந்தில் படும்வரை அசையாமல் நின்றாள். பிறகு ஒரே பாய்ச்சல், ஒற்றைக் கை. இப்படியும் ஒரு மனுசி இருக்க முடியுமா?

றொக்சன் நேரே போய் அவளுக்குக் கைகொடுத்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"அண்ணை, நீ அண்டைக்கே கண்டிட்டாய், என்ன?"

மூன்று மாதத்துக்குப் பிறகு கதைத்திருக்கிறான். ஓம் என்று சொல்வதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகஸ்ட் 11

இறுதியாட்டத்தில் தோற்றோம். அடிக்க ஆளில்லை.

2025 மே 4, ஞாயிறு

ஆளெடுப்பு. இந்த வருடம் றொக்சனும் அணித்தலைவன். முதல் வாய்ப்பு அவனுக்கு, இரண்டாவது எனக்கு. அவன் என் பக்கம் திரும்பாமலே சிசிலியின் பெயரைச் சொன்னான்.

"நானும் அவளைத்தான் நினைச்சு வந்தனான்" என்று நீக்கிலாப்பிள்ளை அண்ணை முணுமுணுத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேறு பெயர் யோசித்துக்கொண்டு வரவில்லை.